ஒலித்திரிபும் பரிகாரமும்

விழா நிறைவெய்திய பின் எஞ்சி நிற்பன இரண்டு. ஒன்று மலரில் அச்சேறிய எழுத்து. மற்றையது கருவியிற் பதிந்த காட்சியும் ஒலியும். முன்னாளிற் பெரும்பாலும் எழுத்தே எஞ்சியது. அதிபரின் குரல் எத்தகையது, கணித ஆசிரியர் கண்டிக்கும்போது அவர் தொனி எவ்வாறு மாறும் என்பனவற்றைப் பழைய மலர்களின் ஏடுகள் சொல்லமாட்டா. இந்நாளிலோ கமராவும் கைத்தொலைபேசியும் புகாத கல்லூரி விழா இல்லை. முதுபெரும் ஆசிரியர்களையும் மூத்த பழைய மாணவர்களையும் அணுகி, அவர்தம் நினைவுகளை அவர்தம் வாய்மொழியாகவே பதிந்து வைக்கும் நற்பணியும் ஆங்காங்கு நடைபெறுகின்றது.

எனினும், இவ்வாறு பதிந்தவற்றைத் தொகுத்துப் படமாக்கக் கருதிக் கணினியின் முன் அமரும்போது பெரியதோர் இடர் தோன்றுவதுண்டு. காட்சி தெளிவாக இருக்கின்றது. பேச்சோ கரகரத்தும் வெடித்தும் கிழிந்தும் கேட்கின்றது. மங்கிய காட்சியைக் கண் பொறுத்துக்கொள்ளும். கிழிந்த ஒலியைக் காது பொறாது. பெரும்பாலார் உடனே ஒலியின் மட்டத்தைக் குறைத்துப் பார்க்கின்றனர். குறைத்த பின்னும் கரகரப்பு நீங்குவதில்லை. முன்னர் உரத்துக் கரகரத்தது இப்பொழுது மெல்லக் கரகரக்கின்றது, அவ்வளவே. இத்தகைய ஒலியில் திருத்தத்தக்கது யாது, திருத்தவொண்ணாதது யாது, திருத்துதற்கு உரிய முறை யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஒலி எண்ணாகும் முறை

பேசுவோர் வாயிலிருந்து புறப்படும் ஒலி காற்றின் அமுக்கத்தில் ஏற்ற இறக்கங்களை உண்டாக்குகின்றது. ஒலிவாங்கி அவற்றை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களாக மாற்றுகின்றது. பதிகருவி அம்மின்னழுத்தத்தைச் சீரான இடைவெளியில் அளந்து எண்களாக எழுதிக்கொள்கின்றது. வீடியோத் துறையில் ஒரு செக்கனுக்கு 48,000 முறை அளத்தல் வழக்கம். மனிதச் செவி ஏறக்குறைய 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள மீடிறன்களைக் கேட்கவல்லது. ஓர் அலையைப் பழுதின்றி மீட்பதற்கு அதன் மீடிறனின் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளத்தல் வேண்டும் என்பது 1928 ஆம் ஆண்டில் நைக்குவிஸ்ட் என்பாராலும் 1949 ஆம் ஆண்டில் ஷனன் என்பாராலும் விளக்கப்பெற்ற உண்மை. ஆதலின் 48,000 என்னும் எண் செவிக்குப் போதியதே.

இனி, ஒவ்வோர் அளவையும் எழுதுதற்குரிய எண்களுக்கு ஓர் எல்லை உண்டு. 16 பிற் முறையில் எழுதும்போது 65,536 படிகள் மாத்திரமே உள. மேலெல்லையைப் பூச்சியம் டெசிபெல் என்பர். அதற்குக் கீழ்ப்பட்டவை யாவும் மறை எண்களாற் குறிக்கப்படும். எல்லையின் அரைவாசி வீச்சமுடைய ஒலி ஏறக்குறைய −6 டெசிபெல். பத்திலொரு பங்கு வீச்சமுடையது −20 டெசிபெல். பூச்சியத்துக்கு மேல் எழுதுதற்கு எண் இல்லை.

எனவே, எல்லையை விஞ்சிய ஒலி வரின் என்னாகும்? படி நிரம்பிய பின்னும் நெல்லைச் சொரிந்தால் மிகுதி சிந்திப்போகும். சிந்தியது எவ்வளவு என்பதைப் படியைப் பார்த்து அறியவொண்ணாது; நிரம்பிய படி நிரம்பிய படியாகவே இருக்கும். அவ்வாறே, அலையின் முகடு எல்லையைத் தாண்டும்போதெல்லாம் பதிகருவி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதுகின்றது. வளைந்திருக்க வேண்டிய முகடு தட்டையாகின்றது. இதனை முகடு வெட்டுண்ணல் எனக் கூறுதும். மட்டத்தைக் குறைப்பதாற் பயன் விளையாமையின் காரணம் இதுவே. தட்டையான முகட்டைத் தாழ்த்தினால் அது தாழ்ந்த இடத்திலும் தட்டையாகவே இருக்கும்.

தட்டையாதல் கரகரப்பாகக் கேட்பது ஏன்? எந்த ஆவர்த்தன அலையும் எளிய அலைகள் பலவற்றின் கூட்டு என்னும் கொள்கையைப் பிரான்சிய அறிஞர் பூரியே 1822 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் நிலைநாட்டினார். 200 ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள தூய ஒலியொன்றின் மேல் முகடும் கீழ்முகடும் ஒத்தபடி வெட்டுண்டால், அதனுடன் 600, 1000, 1400 எனப் புதிய மேற்றொனிகள் பிறக்கின்றன. பேசியவர் எழுப்பாத ஒலிகள் அவர் குரலிற் கலந்துவிடுகின்றன.

மூவகை விகாரம்

சொற்கள் புணரும்போது நேரும் விகாரங்களை எமது இலக்கண நூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுத்தனர். ஒலிப்பதிவில் நேரும் குற்றங்களையும் அவ்வாறே பகுத்து நோக்கின் மயக்கம் நீங்கும்.

இல்லாத ஒலி வந்து சேர்தல் தோன்றல். மின்வழியிலிருந்து புகும் இரைச்சல் இதற்கு எடுத்துக்காட்டு. இலங்கையில் மின்னோட்டத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ் ஆதலின், அவ்விரைச்சல் 50, 100, 150 ஹேர்ட்ஸ் என்னும் இடங்களிற் கேட்கும். இடம் தெரிந்தமையால் அம்மீடிறன்களை மாத்திரம் வடித்து அகற்றுதல் எளிது.

உள்ள ஒலி வேறுபடுதல் திரிதல். 1982 ஆம் ஆண்டில் வெளிவந்த இசைத்தட்டான சீடி ஒரு செக்கனுக்கு 44,100 அளவீடுகளைக் கொண்டது. வீடியோவோ 48,000 அளவீடுகளைக் கொள்வது. 44,100 இற் பதிந்த ஒலியை மென்பொருள் 48,000 எனப் பிறழக் கொண்டால், ஒரு மணி நேரப் பேச்சு ஏறக்குறைய 55 நிமிடங்களில் முடிந்துவிடும்; குரலும் ஒன்றரைச் சுரத்தானம் அளவுக்கு உயர்ந்து, முதியவர் இளைஞர்போலப் பேசுவார். இங்கு எந்த எண்ணும் அழியவில்லை. கோப்பின் உண்மையான அளவீட்டு விகிதத்தை மென்பொருளுக்கு உணர்த்திய அளவில் இத்திரிபு முழுவதும் நீங்கும்.

ஒரே பேச்சை இரண்டு ஒலிவாங்கிகள் பதிந்து, அவ்விரண்டையும் ஒருங்கே ஒலிக்கச் செய்வதும் திரிபை உண்டாக்கும். ஒன்று மற்றையதைவிட ஏறக்குறைய 35 சதமமீற்றர் அப்பால் இருப்பின் ஒலி ஆயிரத்திலொரு செக்கன் பிந்தி வரும். அப்பொழுது 500, 1500, 2500 ஹேர்ட்ஸ் என்னும் இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று தேய்க்கும். குரல் குழாயினுள் நின்று பேசுவது போன்றிருக்கும். ஒன்றை நிறுத்திவிடுதலே இதற்கு மருந்து.

உள்ளது அழிந்துபோதல் கெடுதல். முகடு வெட்டுண்ணல் இவ்வகையது. அந்நிய மேற்றொனிகள் தோன்றுதலும் இதன் விளைவேயாயினும், மூலமாகிய குற்றம் முகட்டின் இழப்பேயாம். மூன்றனுள் மிகக் கொடியது இதுவே. முதலிரண்டிற்கும் முழுப் பரிகாரம் பெரும்பாலும் உண்டு, இதற்கு இல்லை.

குற்றம் நிகழ்ந்த இடத்தை அறிதல்

நாடி பாராது மருந்து கொடுத்தல் வைத்தியனுக்கு அழகன்று. ஆதலின் மென்பொருளில் எதனையும் மாற்றுதற்கு முன்னர், குற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்தது என்பதைக் காணல் வேண்டும்.

முதலாவதாக, கமராவிலிருந்து பெற்ற மூலக் கோப்பைத் தொகுப்பு மென்பொருளிலன்றி, வேறொரு சாதாரண இயக்கியில், ஹெட்போன் கொண்டு கேட்க வேண்டும். அங்கே ஒலி தெளிவாக இருப்பின் பதிவு நல்லது. குற்றம் தொகுப்பில் நிகழ்ந்தது. மூலம் வாட்ஸப் வழியாக வந்ததாயின் அது சுருக்கப்பட்டிருக்கக்கூடும். பதிந்தவரிடமிருந்து மூலக் கோப்பையே மாற்றமின்றிப் பெறுதல் வேண்டும்.

இரண்டாவதாக, தொகுப்பில் மாத்திரம் கரகரப்பு இருப்பின், அதில் ஒரு நிமிடப் பகுதியை வெளியீடு செய்து கேட்க வேண்டும். கணினியின் வேகம் போதாமையாற் பார்வையிடும்போது மாத்திரம் வெடிப்பொலி எழுவதுண்டு. வெளியீட்டில் அஃது இராது. வெளியீட்டிலும் இருப்பின் மட்டமானியை நோக்குக. பேச்சும் பின்னணி இசையும் தனித்தனியே எல்லைக்குள் நின்றாலும் இரண்டும் கூடும்போது எல்லையைத் தாண்டலாம். ஒத்த ஒலிகள் இரண்டு சேர்ந்தால் மட்டம் 6 டெசிபெல் உயரும். இக்கால மென்பொருள்கள் பலவும் தம்முள்ளே 32 பிற் மிதவைப் புள்ளி எண்களாற் கணிக்கின்றமையால், உள்ளே பூச்சியத்தைத் தாண்டிய ஒலி உடனே அழிவதில்லை; தடங்களின் மட்டத்தைத் தாழ்த்தியவுடன் முகடுகள் மீண்டும் தோன்றும். தாழ்த்தாது 16 பிற் கோப்பாக வெளியிட்ட பின்னரோ அவை மீளா.

மூன்றாவதாக, முன்னர்ச் சேர்த்த ஒலி விளைவுகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். இரைச்சல் நீக்கும் கருவியை அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்தின், குரல் நீருக்கடியில் ஒலிப்பதுபோல் ஆகிவிடும்.

மூலக் கோப்பே கரகரப்பின் அலைவடிவத்தைப் பெரிதாக்கி நோக்குக. முகடுகள் மேலெல்லையில் தட்டையாக இருப்பின், எண்ணாக எழுதும்போது வெட்டுண்டவை. எல்லைக்கு வெகு கீழே தட்டையாக இருப்பின், அதற்கு முன்னரே மின்பெருக்கியில் வெட்டுண்டவை. விழா மண்டபத்து ஒலிக்கலப்பியிலிருந்து வரும் வலிய மின்சமிக்ஞையைக் கமராவின் ஒலிவாங்கித் துளையிற் செருகுவதனால் இவ்விரண்டாவது குற்றம் அடிக்கடி நிகழ்கின்றது. அத்துளை மிக நுண்ணிய மின்னழுத்தத்துக்கென அமைந்தது. கமராவிலுள்ள தெரிவை உரிய நிலைக்கு மாற்றுதல், அல்லது இடையே சமிக்ஞையைத் தேய்க்கும் இணைப்பொன்றைப் பூட்டுதல் இதற்குக் காப்பு.

திருத்தும் முறை

வெட்டுண்ட பதிவு கைக்கு வந்தால் முதலிற் செய்யத்தக்கது, அதே பேச்சுக்கு வேறொரு பதிவு உண்டோ எனத் தேடுதல். மண்டபத்திலிருந்த இரண்டாவது கமரா, ஒலிக்கலப்பியிற் பதிந்த கோப்பு, முன்வரிசையில் இருந்த ஒருவரின் கைத்தொலைபேசி ஆகிய இவற்றுள் ஒன்று, தரம் குறைந்ததாயினும், வெட்டுண்ணாததாயின் அதுவே மேல். கைதட்டல் போன்ற கூரிய ஒலியொன்றை இரண்டு பதிவுகளிலும் கண்டு, அவற்றை ஒருங்கு பொருத்தி, பழுதான ஒலியை நிறுத்திவிடலாம்.

வேறு பதிவு இல்லையெனின், முகடு மீட்கும் கருவியை நாடல் வேண்டும். வீடியோ மென்பொருள்கள் பலவற்றில் இது செம்மையாக அமையவில்லை. எனவே ஒலியை மாத்திரம் பிரித்தெடுத்து ஒலிக்கென அமைந்த மென்பொருளிலே திருத்தி மீண்டும் சேர்த்தல் நன்று. 2000 ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்ததும் விலையின்றிக் கிடைப்பதுமான ஓடாசிற்றியில் "கிளிப் பிக்ஸ்" என்னும் கருவி உண்டு. விலைக்குக் கிடைக்கும் அடோபி ஓடிஷன், ஐசோரோப் ஆர்எக்ஸ் என்பனவும் இவ்வகைக் கருவிகளை உடையன.

செய்முறை வருமாறு. மூலத்தைத் தொடாது ஒரு பிரதி எடுக்க. பிரதியின் மட்டத்தை 6 முதல் 10 டெசிபெல் வரை தாழ்த்துக. மீளும் முகடுகள் எழுதற்கு இடம் வேண்டுமன்றோ? பின்னர் வெட்டுண்ட பகுதிகளை மாத்திரம் தெரிந்து கருவியை இயக்குக. அதன் பின்னரே இரைச்சலை நீக்குதலும், 3,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சிறிது தாழ்த்திக் கடுமையைத் தணித்தலும் ஆகும். மட்டத்தை உயர்த்துதல் இறுதியில். உயர்த்தும்போது உச்சம் −1 டெசிபெல்லைத் தாண்டாதவாறு மட்டுப்படுத்தியை அமைத்தல் வேண்டும். இவ்வரிசை மாறின், ஒரு கருவி உண்டாக்கிய பிழையை அடுத்த கருவி பெரிதாக்கும்.

இக்கருவி செய்வது யாது? தட்டையான இடத்துக்கு முன்னும் பின்னுமுள்ள வளைவை நோக்கி, இடையில் முகடு எவ்வாறு இருந்திருக்கலாம் என ஊகித்து நிரப்புகின்றது. 200 ஹேர்ட்ஸ் அலையொன்று 48,000 விகிதத்தில் 240 எண்களாக எழுதப்படும். அவற்றுட் பத்து எண்கள் தட்டையாயின் ஊகம் பெரும்பாலும் பொருந்தும். கேட்போர் வேறுபாட்டை உணரார். எண்பது எண்கள் தட்டையாயின் அலையின் மூன்றிலொரு பங்கு போயிற்று. அங்கு ஊகம் தடுமாறும். எனவே சிறு காயம் ஆறும். பெரிய காயத்தின் வடு மறையாது.

சொல்லும் குரலும்

இவ்விடத்து ஐயமொன்று எழலாம். ஒலி கரகரத்தாலும் சொற்கள் விளங்குகின்றனவே. அதனால் வரும் கேடு என்ன? இவ்வையம் பொருளுடையது. அமெரிக்க அறிஞர் லிக்லைடர் 1940 களில் நடாத்திய ஆராய்ச்சிகளில், பேச்சின் முகடுகளை முற்றாக வெட்டி, அலை பூச்சியக் கோட்டைக் கடக்கும் இடங்களை மாத்திரம் விட்டுவைத்தபோதும், கேட்போர் சொற்களிற் பெரும்பாலானவற்றை விளங்கிக்கொண்டனர். சொல் அத்துணை வலிமையுடையது.

ஆயினும் சொல் மாத்திரம் வேண்டுமெனின் அதனை மலரிலேயே அச்சிட்டிருக்கலாம். கமராவை நாடியிருக்க வேண்டியதில்லை. உரத்துக் கூறும்போது குரல் தழுதழுத்தது, ஒரு பெயரைச் சொல்லும்போது சற்றுத் தாழ்ந்தது, ழகரத்தை அவர் ஒலித்த முறை ஆகிய இவையே நாம் பதிவிற் தேடுவன. முகடு வெட்டுண்ணும்போது உரத்த ஒலியும் அதனினும் உரத்த ஒலியும் ஒரே மட்டமாகின்றன, ஏற்றத்தாழ்வு அழிகின்றது. மனிதர் உணர்ச்சி மேலிட்டுப் பேசும் கணங்களே உரத்த கணங்கள் ஆதலின், பேச்சில் எப்பகுதி மிக அரியதோ அப்பகுதியே முதலில் அழிகின்றது. சொல் எஞ்சுகின்றது, சொன்னவர் மறைகின்றார்.

அண்மைக் காலத்தில், செயற்கை நுண்ணறிவு கொண்டு பழுதான பேச்சை முற்றிலும் புதிதாக உருவாக்கித் தரும் கருவிகளும் வந்துள்ளன. கேட்பதற்கு அவை மிக இனியன. ஆனால் அவ்வினிமை அம்முதியவருடையதன்று. இயந்திரம் பலர் குரலைக் கற்று இவர் குரல் இவ்வாறு இருக்கலாம் எனப் புனைந்தது. அத்தகைய கருவியைப் பயன்படுத்தின், படத்திலே அதனை எழுத்திற் குறிப்பிடுதல் நேர்மையாகும். திருத்தவியலாத பகுதியை உள்ளவாறே விட்டு, பேசிய சொற்களைக் காட்சியின் அடியில் எழுத்திற் காட்டுதல் இதனினும் சிறந்தது.

வருமுன் காத்தல்

இதுகாறும் கூறியவற்றால், முழுப் பரிகாரம் பதியும்போதே உள்ளது என்பது போதரும். பதிபவர் நினைவிற் கொள்ளத்தக்கன சில. பேசுபவரை, அவர் பேசக்கூடிய உரத்த குரலிற் சில வார்த்தைகள் பேசச் செய்து, உச்சம் ஏறக்குறைய −12 டெசிபெல்லில் நிற்குமாறு மட்டத்தை அமைக்க வேண்டும். 24 பிற் முறையிற் பதியின், இவ்வாறு தாழ்த்துவதால் இழப்பு ஏதுமில்லை. சட்டையிற் பொருத்தும் ஒலிவாங்கி மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே இருத்தல் நன்று. திறந்த வெளியில் ஒலிவாங்கியின் தூரம் இருமடங்காக மட்டம் 6 டெசிபெல் குறையும்.

மங்கல இசையுடன் தொடங்கும் விழாவிலே தவிலின் முதல் அடி எவ்வளவு வலியது என்பதை யாவரும் அறிவர். கைத்தொலைபேசிகளிலும் கமராக்களிலும் தானாக மட்டத்தை மாற்றும் அமைப்பு உண்டு. முதல் அடி வெட்டுண்ட பின்னரே அஃது விழித்துக்கொண்டு மட்டத்தைத் தாழ்த்தும். அடுத்து வரும் வரவேற்புரையின் தொடக்கம் கேளாது போகும். ஆதலின் அவ்வமைப்பை நிறுத்தி, தவிலுக்கு ஒரு மட்டமும் பேச்சுக்கு ஒரு மட்டமும் கையால் அமைத்தல் தக்கது. 32 பிற் மிதவைப் புள்ளி முறையிற் பதியும் கருவிகளும் இன்று கிடைக்கின்றன. அவற்றில் எண் எல்லையைப் பற்றிய அச்சம் இல்லை. எனினும், ஒலிவாங்கியே தாங்காத ஒலியை எந்தக் கருவியும் காப்பாற்றமாட்டாது. எல்லாவற்றிற்கும் மேலாக, பதியும் நேரம் முழுவதும் ஒருவர் ஹெட்போன் அணிந்து கேட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். காட்சியைப் பார்ப்பதற்குப் பத்துப்பேர் திரையைச் சூழ்வர். ஒலியைக் கேட்பதற்கு ஒருவரேனும் வேண்டாவோ?

பதிந்த மூலத்தைத் திருத்திய படம் வெளிவந்த பின்னரும் அழித்தலாகாது. இன்று ஊகத்தால் நிரப்பிய முகட்டை, நாளை வரும் கருவி இன்னும் செம்மையாக நிரப்பலாம். மூலம் இருந்தாலன்றி அதற்கு வழியில்லை. மூலத்தை இரண்டு மூன்று பிரதிகளாக்கி வெவ்வேறு இடங்களில் வைத்தல் வேண்டும். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் எரிந்து ஒழிந்தன. ஓரிடத்தில் மாத்திரம் உள்ள செல்வம் எத்தன்மையது என்பதை எமக்கு வேறெவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எழுபதும் எண்பதும் கடந்த எமது ஆசிரியர்களும் மூத்த பழைய மாணவர்களும் இன்னும் எம்மிடையே உளர். அவர்கள் ஒருமுறை மனந்திறந்து கூறியதை அதே உணர்ச்சியோடு மறுமுறை கூறுவர் என எதிர்பார்த்தல் இயலாது. மறுமுறை கேட்கும் வாய்ப்பு வாய்க்கும் என்பதும் நிச்சயமன்று. மட்டமானியை ஒரு நிமிடம் நோக்கும் பொறுமை, அவர்தம் குரலைப் பின்வரும் மாணவர் தலைமுறைகளுக்குப் பழுதின்றி ஒப்படைக்கும். அச்சிறு பொறுமையைப் பதிவுப்பணியில் ஈடுபடும் இளம் பழைய மாணவர் அனைவரும் கைக்கொள்வாராக.